சித்தியின் வெள்ளிக்கிழமைப் பெட்டி

ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்பதைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள் நாம். குளிர்பெட்டியைத் திறந்து, வனிலா என்று எழுதிய மூடியை ஆசையாகக் கழற்றினால் உள்ளே உறைந்துபோன கணவாய்க் கறி இருக்கும். கெல்சென்கிர்ச்சனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் நம் காலத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் பழக்கம். அலுவலகக் கடிதங்களை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துச் சொல்லியே பாதி ஜெர்மன் படித்தோம் என்பதும் அப்படித்தான். இப்போது நமக்கு நாற்பது எட்டிப் பார்க்கிறது. எனக்கு முன்நெற்றியில் நரை விழுந்து இரண்டு வருடமாகிறது. பழசைப் பேச இந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது அப்படியான ஓர் ஐஸ்கிரீம் பெட்டியைப் பற்றி. ஸ்பெயினுக்குச் சொந்தமான ஓர் எரிமலைத் தீவில், மலை முதுகில் இருந்த ஒரு சின்னக் கிராமத்தில், ஓரிரு நிமிடம் அது என் கையில் இருந்தது. ஜெர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிது. எனக்குப் பன்னிரண்டு வயது.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அகதி விண்ணப்பம் இழுபட்டு இழுபட்டு, கடைசியில் ஏற்கப்பட்டு, அகதிகளுக்கான நீலப் பயணப் பாஸ் கையில் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று எழுதிய அந்தப் பாஸ் நம் வீடுகளில் எத்தனை இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். சித்திக்கு இருபத்தெட்டு வயது. என்னுடைய அறையில், இரட்டைத் தட்டுக் கட்டிலின் கீழ்த் தட்டில் நான்கு வருடமாகப் படுத்தார். மேல் தட்டு எனக்கு.

அந்தக் குளிர்காலத்தில் சித்தி ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் உதவிக்குப் போனார். அவருடைய கை அங்கே எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது முறையான தொழிற்பயிற்சி தருகிறோம் என்று அந்த இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை நான்தான் வாசித்தேன். ஒரு முறை அல்ல, நான்கு முறை வாசிக்க வைத்தார். ஏப்ரல் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்ற வரியை மட்டும் ஐந்தாம் முறையும் கேட்டார். பிறகு கடிதத்தை வாங்கி, மடித்த மடிப்பிலேயே மடித்துக் கைப்பையில் வைத்தார். அப்படிச் சந்தோஷமாகச் சித்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதே மாதத்தில் ஒரு சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை ஸ்டுட்கார்ட் பக்கம், பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. முப்பத்து நான்கு வயது. தகப்பன் இல்லை, தாயும் மகனும்தான். சாதகம் பொருந்தியது. பொருந்தாதது ஒன்றுதான். தாய் தொலைபேசியில் சொன்னதை அம்மா அப்பாவிடம் சொல்ல நான் கேட்டேன்.

"வயசுபோனவையைக் கழுவித் துடைக்கிற வேலை எங்கடை பகுதியிலை ஒருத்தரும் செய்யேல்லையாம். கலியாணம் முடிஞ்சால் அதை விட வேணுமாம்."

"அவள் இன்னும் துவங்கவேயில்லை, பிறகென்னத்தை விடுறது?" என்றார் அப்பா.

அப்பா சொன்னதைப் பகிடி என்று எடுத்து அம்மா சிரித்தார். அது பகிடி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவால் எதையும் நேராகச் சொல்ல முடியாது.

சித்தி மாப்பிள்ளையைப் பார்க்க மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே போட்டார்.

"பாக்கிறன் அக்கா. ஆனால் கடைசியிலை என்னை இருத்தி வைச்சுக் கேக்க வேணும். நீங்களும் அத்தானும் எனக்காகச் சொல்லக்கூடாது."

"கேப்பம். ரெண்டு பகுதியையும் வைச்சு உன்னைத்தான் கேப்பம். நீ ஏலாது எண்டால் ஏலாதுதான்" என்றார் அம்மா.

எங்கே பார்ப்பது என்பது அடுத்த சிக்கல். நம்மவர்கள் பெண் பார்ப்பதைக் கோயிலில் வைப்பார்கள், தற்செயலாகச் சந்தித்த மாதிரி இருக்கும் என்று. முந்திய வருடம் தேர்த் திருவிழாவில் இன்னொரு மாப்பிள்ளைக்குச் சித்தியைக் காட்டினார்கள். அது சரிவரவில்லை. சரிவரவில்லை என்பது தேர் இருப்புக்கு வருவதற்கு முன்பே கோயில் வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது. சித்தி அதன்பிறகு ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. அதனால் இந்த முறை அப்பா ஒரு திட்டம் கொண்டுவந்தார். பேரங்காடிக் கட்டணப் பகுதியில் கிடக்கும் சுற்றுலாத் துண்டறிக்கைதான் திட்டம். ஈஸ்டர் விடுமுறையில் எரிமலைத் தீவு ஒன்றில் ஒரு வாரம், விமானமும் தங்குமிடமும் சேர்த்து. மாப்பிள்ளை பகுதியும் அதே இடத்தில் அறை எடுக்கட்டும் என்றார்.

"அங்கை எங்கடை ஆக்கள் ஒரு காக்காய் குருவிகூட இராது" என்று அப்பா சொன்னதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீவு எனக்குப் பிடிக்கவில்லை. கடற்கரை மணல் கறுப்பாக இருந்தது. அந்த வாரம் முழுக்க என் நகக்கண்களில் அந்தக் கறுப்பு இருந்தது. நடுவே எரிமலை, உச்சியில் பனியோடு, ஒன்றும் செய்யாமல் நின்றது. புகையாவது வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். தங்குமிடத்தில் காலைச் சாப்பாடு தருவார்கள். மற்ற வேளைக்கு அறையிலேயே இரண்டு அடுப்போடு ஒரு சின்னக் குசினி. அம்மா புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைத் துவாய்க்குள் சுற்றிப் பயணப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஓலையில் பின்னிய அந்தக் கூம்பு என்னவென்று விளக்க எனக்கு ஜெர்மன் சொல் வரவில்லை. "தொப்பி" என்றேன். விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வரவேற்பறையில் நடந்த நாடகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவருக்காக ஒருவர் இரண்டு மணி நேரம் காத்திருந்த இரண்டு குடும்பங்கள், "அட, நீங்களும் இஞ்சையோ!" என்று வியந்துகொண்டன. மாப்பிள்ளை உயரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். தாய் சித்தியைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தார். அம்மா தேத்தண்ணி குடிக்க எங்கள் அறைக்கு வரச் சொன்னார்.

"பேந்து பாப்பம், பேந்து பாப்பம்" என்று தாய் இரண்டு தரம் சொல்லித் தள்ளிப்போட்டார்.

முதல் ஐந்து நாளும் அப்படியே போயிற்று. சேர்ந்து கடற்கரைக்குப் போவோம், சேர்ந்து நடப்போம், சாப்பாட்டு நேரம் வந்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அவரவர் அறையில் சாப்பிடுவோம். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவிகூட அம்மாவின் வடையை வாங்கிச் சாப்பிடுவார். இவர்களுக்கு என்ன வந்தது? காரணத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு முற்றாகும் வரை மாப்பிள்ளை பகுதி பெண் வீட்டில் கை நனைக்காது. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அம்மா அப்பாவுக்கு இது மூச்சு விடுவது மாதிரித் தெரிந்த விஷயம். மூச்சு விடுவதை யாரும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை காலை பால்கனியில் சித்தி அந்தக் கடிதத்தை எடுத்தார். தங்குமிடத்தின் பெயர் பதித்த பேனாவால், நான் விரல் வைத்துக் காட்டிய கோட்டில் கையெழுத்துப் போட்டார். ஊதிக் காய வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை என்னைக் கேப்பினம்" என்றார். "மூண்டு வருஷம் பொறுங்கோ எண்டு கேப்பன். அவைக்குப் பொறுக்க ஏலாது எண்டால் எனக்கும் ஏலாது. திங்கள் போய்த் தபாலிலை போடுவம், என்ன?"

நான் தலையாட்டினேன். முத்திரை வாங்கும் பொறுப்பும் எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மலைக் கிராமத்துக்குப் போனோம். சுற்றுலாத் துண்டறிக்கையின் முதல் பக்கத்தில் இருந்த படமே அந்தக் கிராமம்தான். அதைப் பார்க்காமல் திரும்பினால் கொடுத்த காசு வீண் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அம்மா விடியவே எழும்பிப் புட்டு அவித்தார். எங்கள் மூவருக்கும் மீன் பொரியலோடு ஆளுக்கொரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி. சித்தி வெள்ளிக்கிழமையில் மச்சம் சாப்பிடமாட்டார் என்பதால் அவருக்கு மட்டும் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்த சைவப் பெட்டி. மாறிப் போகாமல் இருக்க அதன் மூடியில் பச்சை நிற ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். இவற்றோடு, கெல்சென்கிர்ச்சனிலிருந்தே கொண்டுவந்த பயத்தம்பணியாரமும் ஒரு தகரத்தில் இருந்தது. அதை அந்த வாரம் முழுக்க என்னைத் தொட விடவில்லை.

பையை என் தோளில் மாட்டி அம்மா சொன்னார்: "நான் சொல்லுமட்டும் திறக்காதை. அவையள் அங்காலை போனாப்பிறகு நாங்கள் ஒரு ஓரமா இருந்து சாப்பிடுவம்."

சின்னப் பேருந்து, இருபது பேர். சாலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் முதலில் ஒலி எழுப்புவார், பிறகு பின்னுக்கு எடுப்பார், பிறகு மூக்கைத் திருப்புவார். என் பக்கத்து யன்னலுக்கு வெளியே சாலையே தெரியாது, பள்ளம்தான் தெரியும். வழிகாட்டிப் பெண் ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தச் சாலை வருவதற்கு முன் இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றையும் கழுதையில் ஏற்றித்தான் கொண்டுபோனார்களாம். "நாங்களும் கழுதையிலை வந்திருக்கலாம்" என்றார் அப்பா.

நான்காவது வளைவில் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. தாய் கைப்பையிலிருந்து தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி அவர் மூக்கில் பிடித்தார். டீசல் மணமும் எலுமிச்சை மணமும் சேர்ந்து எனக்கே குமட்டியது. ஏழாவது வளைவில் அவர் பிளாஸ்டிக் பைக்குள் சத்தி எடுத்தார். சித்தி இரண்டு இருக்கை முன்னால் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அது இரக்கத்தால்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். தாய் அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொண்டதை அவருடைய வாய் சுழித்ததில் கண்டேன்.

கிராமம் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது. இது அபூர்வம். மலை கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்க, அதன் முதுகில் கருங்கல் வீடுகள் ஒன்றின் பின் ஒன்றாக இருந்தன. கூரையில் சிவப்பு ஓடு. சுவரெல்லாம் கள்ளிச்செடி. இரண்டு பக்கமும் பச்சைப் பள்ளம், பள்ளத்தின் முடிவில் கைக்குட்டை அளவு கடல். வீடுகளுக்கு இடையில் உயரமான மரங்கள் நின்றன. அப்பா அவற்றைப் பனை என்றார், அம்மா ஈச்சை என்றார். அந்தச் சண்டை கெல்சென்கிர்ச்சன் திரும்பும் வரை நடந்தது. அம்மா சொன்னதுதான் சரி. எங்கோ ஓர் ஆட்டின் மணி கேட்டது. கல்லில் வெயில் ஏறி, செருப்பில்லாமல் வைத்தால் கால் சுட்டது.

மேல் சாலையிலிருந்து கற்படி இறங்கினால் ஒரு சின்னத் தேவாலயமும் முற்றமும். மாப்பிள்ளையின் தாய்க்கு முழங்கால் நோவு. அங்கேயே ஒரு மர நிழலில் இருந்துகொண்டார். அம்மாவும் அப்பாவும் துணைக்கு இருந்தார்கள். வழிகாட்டிப் பெண் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கடைசி வீடு வரை போனார். சித்தியும் போனார். கடல் தெரியும் இடம் வரை போய்ப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கியது நினைவிருக்கிறது.

மாப்பிள்ளை மட்டும் முற்றத்துக்குக் கீழே, ஒரு மதிலில் தனியாகப் போய் இருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணுக்குப் பின்னால் இருந்து சத்தி எடுத்தவர் வேறு எங்கே போவார்? தலையைக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். காது மடல்கூட வெளுத்திருந்தது. நான் மேலிருந்து அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பள்ளியில் எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார், வாந்தி எடுத்தவருக்கு வெறும் வயிறு கூடாது, கொஞ்சமாவது சாப்பிட வேண்டும் என்று. என் தோளில் நான்கு பெட்டி புட்டு கனத்துக்கொண்டிருந்தது. அவர்களும் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை என்று தாய் பேருந்தில் சொன்னதும் ஞாபகம் வந்தது. பச்சை நாடா ஒட்டிய பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பெட்டியை மதிலில் வைத்தேன்.

"இந்தாங்கோ. சாப்பிடுங்கோ. வயித்துக்கு நல்லது."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆர் தந்தது?"

நானாக எடுத்தேன் என்று சொன்னால் திருப்பித் தந்துவிடுவார். அம்மாவுக்குத் தெரிந்தால் ஏசுவார். அம்மா தந்தார் என்று சொன்னால் அம்மாவிடமே நன்றி சொல்லப் போவார். இவ்வளவையும் யோசித்தேனா என்று தெரியாது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"சித்தி."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவருடைய காதுகளுக்கு நிறம் திரும்பியதை நான் பார்த்தேன். சாப்பிட முன்பே திரும்பிவிட்டது. போத்தல் தண்ணீரில் கையைக் கழுவி, மூடியைத் திறந்து, கத்தரிக்காயோடு புட்டைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். மெதுவாகத் தொடங்கி வேகமாகச் சாப்பிட்டார். எனக்குப் பெரிய திருப்தி.

"தம்பி!" என்று மேலிருந்து தாயின் குரல் வந்தது. "என்னடா சாப்பிடுறாய்?"

"புட்டு அம்மா" என்றார் அவர், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு.

நான் படி ஏறி வந்தேன். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அடி விழுவதற்கு முன் வரும் அந்தத் தாழ்ந்த குரல்.

"ஆர் உதைக் குடுத்தது?"

"சித்தி குடுக்கச் சொன்னவ."

இரண்டாம் தரம் சொல்வது எவ்வளவு சுலபம்! அம்மாவின் பிடி தளர்ந்தது. முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சிக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவேயில்லை. மாப்பிள்ளையின் தாய் ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"பிள்ளையே குடுத்து விட்டுது, அவனும் சாப்பிட்டிட்டான். இனி நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? எனக்கும் ஏதும் இருந்தால் தாங்கோ, விடிய வெறுந்தேத்தண்ணியோடை வந்தனான்."

அம்மா பயத்தம்பணியாரத் தகரத்தைத் திறந்தார். அப்பா பக்கத்துக் கடைக்கு ஓடி எல்லாருக்கும் எலுமிச்சைச் சோடா வாங்கிவந்தார். பிறகு ஒருமுறை மட்டும் பயன்படும் அந்த மட்டைக் கமெராவால் படம் எடுத்தார். அந்தக் கமெராக்கள் இப்போது எங்கே போயின?

அப்போதுதான் அது நடந்தது. அப்பா ஒரு காக்காய் குருவிகூட இராது என்று சொன்ன அந்த மலையில், தேவாலயத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"நீங்கள் கெல்சென்கிர்ச்சன் எல்லோ? தமிழ்ப் பள்ளிக்கூட விழாவிலை கண்டனான்!"

பக்கத்து ஊரான டோர்ட்முண்டில் இருந்த அக்கா. கணவர், இரண்டு பிள்ளைகள், கழுத்தில் தொலைநோக்கி. நம் பகுதியில் அவருக்குத் தெரியாமல் ஒரு நிச்சயார்த்தமும் நடந்ததில்லை. அவர் முற்றத்தைப் பார்த்தார். கீழே மதிலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். தாயின் கையிலிருந்த பயத்தம்பணியாரத்தைப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு ஒரு நிமிடம் எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை பகுதியோ? கை நனைச்சாச்சோ?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சோடாவைப் பார்த்தார்.

"ஓம் அக்கா" என்றார் அம்மா.

சித்தி படி ஏறி வரும்போது முகம் வெயிலில் சிவந்திருந்தது. "கடல் என்ன வடிவு தெரியுமோ" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்து சித்தியின் நாடியைப் பிடித்து, ஒரு பயத்தம்பணியாரத்தை வாயில் வைத்தார். டோர்ட்முண்ட் அக்கா கை தட்டினார். சித்தி அதை மென்றார். வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும்?

பேருந்தில் ஏறும் முன் மாப்பிள்ளை கழுவிய பெட்டியைச் சித்தியிடம் நீட்டினார். சித்தி ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். இரண்டே வசனம். நான் தூரத்தில் நின்றேன், கேட்கவில்லை. "கதைக்கத் துவங்கிட்டினம்" என்று அம்மா அப்பாவின் முழங்கையை இடித்தார்.

அன்று பின்னேரம் அறையில் சித்தி அம்மாவிடம் கேட்டார். நான் கட்டிலில் படக்கதைப் புத்தகத்தோடு இருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை இருத்தி வைச்சுக் கேப்பம் எண்டனீங்கள், அக்கா."

"இனி என்னத்தைக் கேக்கிறது? நீதானே சாப்பாடு குடுத்து விட்டனீ. அந்த டோர்ட்முண்டுக்காரிக்கு முன்னாலை நான் ஓம் எண்டும் சொல்லிப்போட்டன்."

சித்தி திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இவ்வளவு காலம் நினைவில் நின்றிருக்காது. கணக்கில் நான் எங்கே பிழை விட்டேன் என்று தேடும் ஆசிரியை மாதிரிப் பார்த்தார். நான் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன். "நான் குடுக்கேல்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு அடி, அம்மாவுக்கு ஊரெல்லாம் தலைகுனிவு, தேர்த் திருவிழாக் கதை இன்னொரு தரம். சித்தி குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது வெகுநேரம் ஓடியது.

திங்கட்கிழமை நான் முத்திரை வாங்கிவந்தேன். சித்தி அதை என் பென்சில் பெட்டியிலேயே வைக்கச் சொன்னார். ஆவணியில் கல்யாணம். அந்த முத்திரை பள்ளி முடியும் வரை என்னிடம் இருந்து, எப்போதோ தொலைந்தது.

சித்தப்பா நல்லவர். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வேறு கதை கட்டிவிடுவீர்கள். குடிக்கமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். இரண்டு பிள்ளைகள், படித்து முடித்து வேலையில் இருக்கிறார்கள். சித்தப்பாவின் தாயைக் கடைசி எட்டு வருடம் படுக்கையில் வைத்துக் கழுவித் துடைத்தவர் சித்திதான். அதற்கு அவருக்குப் பயிற்சியும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. இப்போது ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். படுக்கை விரிப்புகள் மட்டும் அவர் கைக்கு வரும், ஆட்கள் வருவதில்லை.

அப்பா எடுத்த படங்களில் ஒன்று மிஞ்சியது. அதைச் சட்டம் போட்டு அவர்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு ஓட்டுக் கூரைகள், மரம், மதிலில் சின்னதாக ஓர் ஆள், மடியில் வெள்ளையாக ஒரு சதுரம். விருந்தினர் வந்தால் சித்தப்பா அதைக் காட்டுவார். "பாருங்கோ, கலியாணத்துக்கு முதலே எனக்குச் சாப்பாடு குடுத்து விட்டவ. நான் கேக்கவேயில்லை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பார். நான் மட்டும் ஒவ்வொரு தரமும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன். அந்தப் படத்தில் சித்தி இல்லை என்பதை வேறு யாராவது கவனித்தார்களா என்று தெரியாது.

போன மார்கழியில் மகளோடு அங்கே போனேன். சித்தி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா என் மகளை மடியில் இருத்தி அந்தப் படத்தைக் காட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. மகளை விளையாட அனுப்பிவிட்டு, சொல்லிவிட்டேன்.

"சித்தப்பா, அண்டைக்குச் சித்தி தந்து விடேல்லை. நானாத்தான் எடுத்துக்கொண்டு வந்தனான். பொய் சொன்னனான்."

அவர் குசினிக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும், பிள்ளை."

"எப்ப தொடக்கம்?"

"அங்கையே தெரியும். பெட்டியைக் குடுத்தன் எல்லோ. 'இது என்ரை பெட்டி, உங்களிட்டை எப்பிடி வந்தது' எண்டு கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"பசிச்சது எண்டு சொன்னனான்."

பேருந்துக்குப் பக்கத்தில் அவர்கள் பேசிய இரண்டு வசனமும் அவ்வளவுதான். இருபது வருடத்துக்கும் மேலாக நான் தனியாகச் சுமந்ததில் இவருக்கும் பாதி இருந்திருக்கிறது. எனக்கு ஆறுதல் வர வேண்டும். கோபம்தான் வந்தது.

"அண்டைக்கே எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அவவைக் கேட்டிருப்பினம். கேட்டால் அவ மாட்டன் எண்டிருப்பா." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அதுக்கு முதல் நாலு இடத்திலை என்னை வேண்டாம் எண்டவை. ஐஞ்சாவதையும் கேக்க எனக்குத் தெம்பில்லை."

சித்தி ஆவி பறக்கும் புட்டோடும் தட்டுகளோடும் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்ன ரெண்டுபேரும் குசுகுசுக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. அந்த மலைக் கிராமத்தைப் பற்றி" என்றார் சித்தப்பா.

"ஓ, அதுவோ." சித்தி என் தட்டில் புட்டை வைத்து, கத்தரிக்காய்ப் பொரியலை அதன் மேல் போட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அண்டைக்கு ஒரு பயத்தம்பணியாரத்தோடை முழுநாளும் பட்டினி கிடந்தனான். எல்லாரும் சாப்பிட்டீங்கள். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

சித்தப்பாவின் கை தட்டுக்குப் போகாமல் மடியிலேயே இருந்தது. நான் எழும்பி, என்னுடைய கதிரையை இழுத்துச் சித்தியிடம் விட்டேன்.

"இருங்கோ சித்தி. இப்ப கேக்கிறன். அண்டைக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீங்கள்?"

சித்தி கதிரையைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் தட்டைக் கையில் எடுத்து, நிறையப் புட்டு வைத்து, அவருக்கு முன்னால் வைத்தார்.

"ஆறப்போகுது, சாப்பிடுங்கோ" என்றார்.